பிளக் கழற்றிய வானொலி

அந்த வானொலி காத்திருக்கும் அறையின் மூலைத்தட்டில், சிறுவர் படப் புத்தகங்களுக்கு மேலே இருந்தது. தேயிலைச் சாய நிறம். சத்தத்தைக் கூட்டும் திருகின் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருக்கும். உள்ளே டொக்டரிடம் நோயாளி சொல்வது வெளியே இருப்பவர்களின் காதில் விழக்கூடாது என்பதற்காக, நாள் முழுவதும் அது மெல்லிய குரலில் பாட்டோ செய்தியோ சொல்லிக்கொண்டிருக்கும். காசாவில் போர் தொடங்கிய அந்த வாரத் திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிளக் கழற்றப்பட்டு, வயர் சுருட்டப்பட்டு, காயத்துக்குக் கட்டும் வெள்ளை நாடாவால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுருட்டுவது டொக்டரின் பழக்கம். முடிச்சுக்கு இரண்டு காது வைப்பது அக்காவின் பழக்கம். இருவருடைய கையும் அதில் பட்டிருந்தது. ஆனால் சேர்ந்து நின்று செய்தார்களா, ஒருவர் சுருட்டிவைத்துவிட்டுப் போனபிறகு மற்றவர் வந்து முடிச்சுப் போட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

டொக்டரின் அறை பாரிசின் லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், ஈழத்துத் தமிழர். டொக்டர் துனீசியாவில் பிறந்த யூதர், ஏழு வயதில் பாரிசுக்கு வந்தவர். அவருடைய ஒரே மகள் இஸ்ரேலில், ஹைஃபாவில் குடும்பமாக இருந்தாள். பேரன் அங்கே இராணுவத்தில். முன் மேசையில் செயலாளராக இருந்த பெண் காசாவில் பிறந்தவர். இங்கே படிக்க வந்து, ஓர் அல்ஜீரியரைக் கல்யாணம் செய்து, பத்தொன்பது வருடமாக அதே கதிரையில் இருந்தவர். வயதான தாயும் கல்யாணமாகாத தங்கையும் காசாவின் வடக்கில் இருந்தார்கள். எங்கள் சனம் அவரை முதலில் ‘அரபு அக்கா’ என்றது. பிறகு வெறும் அக்கா. நான் படிப்பு முடித்த கையோடு, வாரத்தில் மூன்று நாள் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கவும் தொலைபேசி எடுக்கவும் அங்கே சேர்ந்தவள். எங்களுக்குள் பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் நினைவில் அவர்கள் இருவரும் என்னுடைய தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அக்கா எனக்கு வேலை பழக்கியபோது ஒரே ஒரு விதிதான் சொன்னார். டொக்டரைப் பார்க்க ரொந்தேவு கேட்டு யார் தொலைபேசி எடுத்தாலும், நேரம் குறிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கவேண்டும்: எத்தனை வயது, எத்தனை நாளாக, தனியாகவா துணைக்கு ஆள் இருக்கிறதா. இந்த மூன்றையும் கேட்டால் யாரை இன்றே வரச்சொல்வது, யாரை நாளை வரச்சொல்வது என்று தானாகத் தெரிந்துவிடும் என்பார். நான் அதை ஒரு துண்டில் எழுதித் தொலைபேசிக்கு அடியில் ஒட்டிவைத்திருந்தேன். மனப்பாடமான பிறகும் அதைப் பார்த்துத்தான் கேட்பேன். நான் அப்படிப்பட்ட ஆள். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பார்க்க மூன்றாம் மாடிக்குத் திரும்பி ஏறுகிறவள்.

பத்தரை மணிக்கு டொக்டர் தன் கையால் கோப்பி போட்டுக்கொண்டு வருவார். அக்காவுக்கு இரண்டு சீனி. அந்த நேரம் அக்கா அவருடைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் பிடித்துக் கேலி செய்வார். “டொக்டர், இதை வாசிக்கிற பார்மசிக்காரனுக்கு நீங்கள்தான் கண்ணாடி வாங்கிக் குடுக்கவேணும்.” வயிற்றெரிவு என்று வரும் எங்கள் ஆட்களிடம் மிளகாய்த்தூள் சாப்பிடுகிறார்களா என்று கேட்கச் சொல்வார் டொக்டர். “கேக்காதை, கோட்டிலையே மணக்குது” என்பார் அக்கா. மரக்கறிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணை பிரஷர் பார்க்க வருகிறபோதெல்லாம் இவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து சொல்வார்: “பிள்ளை, அவர் யூதர், அவ அரபு. பத்தொன்பது வருசம். எங்கடை ஆக்கள் ரெண்டுபேர் பங்குக்குக் கடை போட்டால் அடுத்த பொங்கலுக்கு ரெண்டு கடை.”

வானொலி நின்ற பிறகு கேலியும் நின்றது. கோப்பி நிற்கவில்லை. அதே பத்தரை மணி, அதே இரண்டு சீனி. மற்றவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்திருப்பார்கள். நான் சந்தேகப்பட்டேன். ஊரில் சோதனைச்சாவடியில் எங்கள் பைகளைக் கிளறிய ஆள் ஒருநாள் எனக்கு இனிப்புத் தந்தான். அம்மா அதை வாங்கவைத்து, சிரிக்கவைத்து, வளைவு திரும்பியதும் வாய்க்காலில் போடவைத்தார். அன்பாகத் தரப்படும் பொருளின் பின்பக்கத்தைப் பார்ப்பது எனக்கு அங்கே படிந்த பழக்கம். டொக்டர் அக்காவை அனுப்பிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் வைத்திருக்கிறாரா? அக்கா இந்த வயதில் வேறு எங்கே போவது என்று இருக்கிறாரா? இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த ஒவ்வொரு தடவையும் நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி அந்தக் கதவையே பார்த்தேன். ஒன்றும் கேட்காது. வானொலி இல்லாமலும் ஒன்றும் கேட்காது.

ஒருநாள் என் மகளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு அப்போது ஒரு வயது. காசாவில் அக்காவின் மாமா குடும்பம் இருந்த கட்டிடம் குண்டில் விழுந்த செய்தி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, டொக்டர் தொடையில் ஊசி போட்டார். பிள்ளை வீரிட்டு அழுதது. நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. இவர்கள் இருவரின் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன், யாருடையது நடுங்குகிறது என்று. நடுங்கவில்லை. வீடு வந்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தன் பிள்ளை அழும்போது தாய் பார்க்கவேண்டிய இடம் அதுவா?

அம்மா எங்களோடு, பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருக்கிறார். சமாதானம் பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அம்மா சமையலறையிலிருந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்னவாம், வாழை நட்டிட்டினமோ?” வெளியாருக்கு விளங்காது. எங்கள் ஊரில் போர்நிறுத்தம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பாதை திறந்தது. வன்னியில் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா முதல் வேலையாக முற்றத்தில் நாங்கள் பதுங்கும் குழியான பங்கரை மண் போட்டு மூடி, அதன்மேல் ஐந்து வாழைக்குட்டி நட்டார். இனி அது தேவையில்லை என்றார். நான்கு வருடம் கழித்துப் போரும் செல்லடியும் திரும்பத் தொடங்கின. அப்பா குலை தள்ளியிருந்த வாழைகளை வெட்டிச் சாய்த்துவிட்டு அதே இடத்தைத் தோண்டினார். இடுப்பளவு ஆழம் தோண்டியிருந்தபோது விழுந்த செல் அவரைக் கொண்டுபோனது. இதற்குமேல் அதைப்பற்றி நான் யாருக்கும் சொல்வதில்லை. தொலைக்காட்சியில் தலைவர்கள் கைகுலுக்கும்போது அம்மா இன்னொன்றும் சொல்வார். “சிரிக்கிறவையின்ரை முகத்தைப் பாக்காதை. பின்னுக்கு நிக்கிறவையைப் பார். அவை சிரிக்கினமோ எண்டு பார்.” நான் அப்படித்தான் பார்ப்பேன். அரபுகளும் இஸ்ரேலியரும் இனிச் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்று எத்தனை மேசைகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், என் கண் பின்வரிசையில்தான் நிற்கும்.

ஒரு தை மாதக் காலையில் டொக்டர் வெளியே வந்து, தட்டிலிருந்த வானொலியை இறக்கி, முடிச்சை அவிழ்த்துப் பிளக்கை மாட்டினார். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேசாதிருந்த பெட்டி, போர்நிறுத்தம் என்றது. தெற்கே கூடாரங்களில் இருந்த சனம் கரையோரப் பாதையால் வடக்கே வீடுகளுக்கு நடக்கக் காத்து நிற்கிறது என்றது. அறையில் நோயாளிகள் இல்லை. நாங்கள் மூவரும் நின்றபடி கேட்டோம். அக்கா தன் தொலைபேசியை மேசையில் வைத்தார். தெற்கே கூடாரத்திலிருந்து தங்கை செய்தி அனுப்பிக் கேட்டிருந்தாள்: வீட்டில் இரண்டு அறை நிற்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவா, இங்கேயே இருக்கவா? அன்று மாலைக்குள் வண்டிக்காரனுக்குப் பதில் சொல்லவேண்டும்.

டொக்டர் உடனே சொன்னார்: “போகச் சொல்லுங்கோ. வீடு நிக்குது எண்டால் போகத்தானே வேணும். இந்தமுறை நிண்டு பிடிக்கும்.”

அக்கா மேசையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். “உங்கடை பேரன் வீட்டை வரப்போறான். நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்.” கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உனக்கு இதிலை பக்கம் இல்லை. உங்கடை இடத்திலையும் இப்பிடி ஒண்டு வந்ததுதானே. உங்கடை ஆக்கள் திரும்பிப் போனவையோ?”

“போனவை” என்றேன். பங்கரையும் வாழையையும் அப்பாவையும் ஐந்து வசனத்தில் சொன்னேன். “போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ, அக்கா. இருக்கிற இடத்திலையே இருக்கட்டும்.”

டொக்டர் உள்ளே போய்விட்டார். அக்கா என் கன்னத்தைத் தொட்டார். போகவேண்டாமென்று அன்றே தங்கைக்குச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பக்கம் இல்லை என்று அவர் நினைத்தது பிழை. என் பக்கம் அந்த இடுப்பளவுக் குழி. அந்தக் காலை முழுவதும் தொலைபேசிக்கு அடியில் என் கையெழுத்தில் அந்த மூன்று கேள்விகளும் இருந்தன. காய்ச்சல் என்று எடுத்த முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம் கேட்டவள், அக்காவிடம் ஒன்றையும் கேட்கவில்லை. தாய்க்கு எத்தனை வயது, எத்தனை நாளாக நோயோடு கூடாரத்தில் இருக்கிறார், துணைக்கு யார். கேட்டிருந்தால், சிறுநீரகம் பழுதடைந்த எழுபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கும். நான் எங்கள் அப்பாவுக்குப் பதில் சொன்னேன். அவர்களுடைய அம்மாவுக்கு அல்ல.

பங்குனியில் போர் திரும்பத் தொடங்கியது. அன்று அக்கா உள்ளே வந்ததும், “நீ சொன்னது சரி” என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “பாத்தியே” என்றார் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. எங்கள் இருவருக்கும் உள்ளே எங்கோ ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைக்க நான் விரும்பவில்லை. ஊரே நம்பியபோது நம்பாமல் இருந்தவர்களின் திருப்தி அது. டொக்டர் வயரைச் சுருட்டினார். இந்தமுறை அக்கா முடிச்சுப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் அந்தத் தட்டின் முன் நின்றார்கள்.

ஆடி மாதம் அக்காவின் தாய் கூடாரத்தில் இறந்துபோனார். அக்கா மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் டொக்டர் அவருடைய கதிரையில் யாரையும் இருக்கவிடாமல், தானே வெளியே வந்து நோயாளிகளை அழைத்தார். நான்காம் நாள் அக்கா வந்தார். கோப்பி நேரம் சொன்னார்: “தங்கச்சி சொல்லுறாள், பக்கத்து வீட்டாக்கள் அந்த ரெண்டு மாசமும் அங்கை இருந்தவையாம். எங்கடை ரெண்டு அறையும் பங்குனி வரைக்கும் நிண்டதாம். கதவுகூடப் பூட்டினபடியாம்.” கோப்பியைக் கலக்கினார். “அம்மா ஒவ்வொரு நாளும் வீட்டுத் திறப்பைக் கேட்டவவாம்.”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்படி நினைத்ததாகக்கூட முகத்தில் இல்லை. நான் எத்தனையோ நாள் அந்த முகத்தைத் தேடிப்பார்த்தேன், எங்காவது ஓரத்தில் அது ஒளிந்திருக்கிறதா என்று. நான் சொன்னது சரியாகத்தான் வந்தது. போனவர்கள் திரும்பவும் ஓடவேண்டித்தான் வந்தது. ஆனால் அவர்கள் இரண்டு மாதம் தங்கள் கதவைத் தாங்களே திறந்து மூடினார்கள். சரியாக இருந்ததன் மறுபக்கத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று என் சந்தேகம் எனக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறவள், என் பயத்தை மட்டும் திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த மாதக் கடைசியோடு டொக்டர் ஓய்வுபெற்றார். அறையை எடுத்து நடத்த வேறு டொக்டர் வரவில்லை. சாமான்களைப் பெட்டியில் அடுக்கினோம். வானொலியை அவர் அக்காவிடம் நீட்டினார். அக்கா தலையசைத்து, “அதை உவளிட்டைக் குடுங்கோ. அவளுக்குச் சின்னப்பிள்ளை இருக்கு” என்றார். எனக்கு அது ஏனென்று விளங்கவில்லை, வாங்கிக்கொண்டேன். பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான், ஆனால் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை என்று டொக்டர் சொன்னார். பிறகு அக்காவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் சொன்னது பிழைச்சுப் போச்சு. திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.” அக்கா பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே, “கையெழுத்தை மட்டும் மாத்துங்கோ” என்றார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவர்கள் இருவரும் சிரித்ததைக் கேட்டேன். இருபது வருடம் ஒரே அறையில் இருந்தது சமாதானமா, நீண்ட போர்நிறுத்தமா என்று எனக்கு இன்றும் தீர்மானமில்லை. வெளியே, தெருமுனையில், இருவரும் வேறு வேறு பக்கம் நடந்து போனார்கள். அக்கா ஒருதடவை திரும்பிப் பார்த்தார். டொக்டர் பார்த்தாரா என்று தெரியவில்லை, இடையில் ஒரு பார ஊர்தி வந்துவிட்டது.

குளிர் தொடங்குகிற நேரம் இன்னொரு போர்நிறுத்தம் வந்தது. மறுநாள் அக்கா தொலைபேசி எடுத்தார். அறைகள் இப்போது இல்லை, நிலம் மட்டும் இருக்கிறது, அதில் கூடாரம் போடப் போகவா என்று தங்கை கேட்கிறாள். “அவள் உன்னைத்தான் கேக்கச் சொன்னவள்” என்றார். பின்னேரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். வாழை நட்டுவிட்டார்களா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை வடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

“கொப்பர் அந்த நாலு வருசமும் அந்த வாழையிலையிலைதான் சாப்பிட்டவர். உனக்கு ஞாபகமில்லையே? சாப்பாட்டுக் கோப்பையே எடுக்கமாட்டார். நீ சைக்கிள் பழகினதும் அந்த முத்தத்திலைதான்.”

எனக்கு ஞாபகம் இருந்தது. அதுதான் வெட்கம். சைக்கிளும், இலையில் ஆவி பறக்கும் சோறும், குலை பழுக்கும் மணமும் எல்லாம் இருந்தன. அக்காவுக்கு நான் சொன்ன ஐந்து வசனத்தில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை. குழியையும் செல்லையும் சொன்னேன். நடுவில் இருந்த நான்கு வருடத்தை விட்டுவிட்டேன். அப்பா ஏமாந்தவர் என்றே இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏமாந்தவராகவும் இருக்கலாம், அந்த நான்கு வருடத்தை வாழ்ந்தவராகவும் இருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தங்கைக்கு எத்தனை வயது என்று கேட்டேன். நாற்பத்தாறு. எத்தனை நாளாகக் கூடாரத்தில் என்று கேட்டேன். எண்ணுவதை விட்டுவிட்டாளாம். தனியாகவா? தனியாக. அங்கே பக்கத்து வீட்டார் திரும்பி வருகிறார்களாம்.

“அப்பிடியெண்டால் போகச் சொல்லுங்கோ, அக்கா” என்றேன். என்னால் அத்தோடு நிறுத்த முடியவில்லை. “ஆனால் ஒரு பையை மட்டும் அவிழ்க்காமல் கட்டினபடி வைக்கச் சொல்லுங்கோ.”

மறுமுனையில் அக்கா சிரிக்கிறார் என்று விளங்கியது. “பிள்ளை, அவளிட்டை மொத்தமே ஒரு பைதான் இருக்கு.”

தங்கை போய்விட்டாள். இடையிடையே குண்டு விழுகிறது என்கிறார்கள், நிறுத்தம் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். நான் பின்வரிசையைத்தான் இன்னமும் பார்க்கிறேன். அங்கே யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை. இந்தமுறை சொன்னது சரியா என்று காலையில் எழும்பும்போதெல்லாம் தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறேன்.

வானொலி எங்கள் சமையலறைத் தட்டில் இருக்கிறது. வயர் சுருட்டியபடி, முடிச்சு இரண்டு காதோடு. போன கிழமை ஒரு காலை, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நின்ற மகள், இது ஏன் கதைக்காது என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் வானொலியைத் தட்டிலிருந்து இறக்கினேன். பிறகு முடிச்சின் காதைப் பிடித்து இழுத்து அவிழ்த்தேன். பிளக்கை மாட்டி, பிள்ளைக்குக் கேட்கக்கூடாத ஏதாவது சொன்னால் உடனே இழுத்துவிடலாம் என்று கையை அதிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு பெண்குரல் இஸ்ரேல், காசா என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. கையை எடுக்கவேண்டியிருந்தது. அடுப்பைக் குறைத்து, வழிந்ததைத் துடைத்து, நான் திரும்பி வரும்வரை அது பேசிக்கொண்டேயிருந்தது.